எண்ணெய்ச்சட்டி வைக்காத பிறந்தநாள்

என் தங்கையின் கருமாதி முடிந்த மறுநாள் அவள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. உசிலம்பட்டியில் அவள் வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்சல்காரர் வண்டியை நிறுத்தி, அவள் பெயரைச் சொல்லி, "இருக்காங்களா?" என்று கேட்டார். வாசலில் நின்றவள் நான்தான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "குடுங்க" என்று கையை நீட்டினேன். அவரும் நான்தான் அவள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவள் இடத்தில் நின்று நான் வாங்கிய முதல் பொருள் அது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

காய்ச்சல் என்று படுத்தவள், ஒரு வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். எனக்கு ரொம்ப இளையவள். நான் இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை. அழுதேனா என்று கேட்டால், அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும். சொல்லாமல் கொள்ளாமல் இப்படிப் போகலாமா என்று அவள் போட்டோவைப் பார்த்தே திட்டியிருக்கிறேன்.

பார்சலை யாரும் பிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் அதை எடுத்துத் தன் துணிப்பையின் அடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பையோடுதான் வில்லாபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் அப்பாவுக்கு மாட்டுத்தீவன வியாபாரம். விடிந்தால் ஒரு ஊர், அடைந்தால் ஒரு ஊர் என்று சுற்றுகிறவர். "இந்த வருசம் மட்டும் உங்ககிட்ட இருக்கட்டும் மதினி. வருசம் திரும்புனதும் ஒரு முடிவு பண்ணுவோம். ஆஸ்டல்லயும் கேட்டு வச்சிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்த முடிவைப் பற்றி ஆரம்பிப்பார். நான் "பாப்போம் தம்பி" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பையன்கள். சின்னவனும் அந்த வருடம்தான் கல்லூரி விடுதிக்குப் போயிருந்தான். டிபன் பாக்ஸ் கட்டாத காலைப்பொழுது எப்படி இருக்கும் என்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தேன். காபியை உட்கார்ந்து குடித்தேன். அதற்குள் மறுபடியும் முதலிலிருந்தா, ரெட்டைச் சடை, வீட்டுப்பாடம், பேன் சீப்பு என்று மனசு முனகியது. பிள்ளையைப் பிடிக்காமல் இல்லை. பிள்ளையைப் பிடிப்பது வேறு, பிள்ளையை வளர்ப்பது வேறு.

அவளும் அதைத் தெரிந்துகொண்டவள் போலத்தான் நடந்தாள். பிரிட்ஜைத் திறப்பதற்குக்கூட என்னிடம் கேட்பாள். குளித்த துண்டை மடித்துத் தன் பையின் மேல் வைப்பாள். பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தேன். அதில் ஒரு கைக்குட்டைகூட வைக்கவில்லை. எந்த நிமிடமும் பஸ் ஏறத் தயாராக இருக்கும் விருந்தாளி போல, எல்லாம் அந்தப் பைக்குள்ளேயே இருந்தன. இன்னொன்றும் உண்டு. உருண்டையாக எது கொடுத்தாலும் தொடமாட்டாள். ரவா உருண்டை, பிடிகொழுக்கட்டை, ஆசையாகப் பிசைந்து உருட்டிக் கையில் கொடுக்கும் சோறு, எதுவும் வேண்டாம் என்பாள். உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவாள். "இம்புட்டு ராங்கி எங்கிருந்துடி வந்துச்சு?" என்று ஏசியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையின் அடியிலிருந்து அந்தப் பார்சலை எடுத்து வந்து அடுப்படி மேடையில் வைத்தாள்.

"இது அம்மா என் பொறந்தநாளுக்காக வாங்குனது பெரியம்மா. கேக் பாப் செய்யுறதுக்கு. உங்களுக்குச் செய்யத் தெரியுமா?"

பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைக் காகிதக் குச்சிகள் ஒரு கட்டும், கடுகு போலக் கலர் மிட்டாய் ஒரு டப்பாவும் இருந்தன. அட்டையில் படம் போட்டிருந்தது. குச்சியின் உச்சியில் சாக்லேட் பூசிய குண்டு மிட்டாய், மேலே கலர் கலராகப் பொட்டுகள். என் வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான். இடியாப்பத்துக்கு மாவு பிசையவே இரண்டு முறை யோசிக்கிற நான், "தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"வருசம் திரும்பல மதினி. பொறந்தநாளெல்லாம் எதுக்கு? சொந்தக்காரங்க காதுல விழுந்தா என்ன சொல்லுவாக?"

"சொந்தக்காரங்களா வந்து பிள்ளைக்குத் தல பின்னி விடுறாங்க? புதுத்துணி இல்ல, மெழுகுவத்தி இல்ல. தெருவுல நாலு பிள்ளைங்க வந்து திங்கப்போகுது. அம்புட்டுத்தான்."

"சரி மதினி. ஆனா பிள்ளை பேர்ல எண்ணெய்ச்சட்டி மட்டும் வைக்காதீங்க. அது ஒண்ணு மட்டும் எனக்காக" என்றார். குரல் உடைந்திருந்தது. "வைக்கல தம்பி" என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் என்று சொல்லி அடுப்பில் எண்ணெய் காயக்கூடாது. தீபாவளிக்குக்கூட அந்த வீட்டுக்குப் பலகாரத்தை மற்றவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். முறைப்படி பார்த்தால் என் வீட்டுக்கு அந்தத் தடை கிடையாது. நான் வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டில் அப்பளமும் வடையும் பொரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. அவள் பேரைச் சொல்லி ஒரு சொட்டு எண்ணெய் காயக்கூடாது. கேக் பாப்புக்கு எண்ணெய்ச்சட்டி எதற்கு, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்தது. என் வீட்டுக்காரருக்கு மாட்டுத்தாவணியில் பூக்கமிஷன் கடை. காலை வியாபாரம் முடித்து, சட்டையெல்லாம் மல்லிகை வாசத்தோடு வந்தவர், கையில் நான் சொல்லிவிட்டிருந்த வெள்ளைக் கேக்கும் ஒரு கட்டு வாழை இலையும் வைத்திருந்தார். நான் கேக்கை உதிர்ப்பதைப் பார்த்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நல்ல கேக்கத்தானே வாங்கியாந்தேன்? ஏன் அத இப்படிப் பண்ற?"

"உதுத்து, கிரீம் போட்டுப் பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, குச்சில குத்தி, சாக்லேட்ல முக்கணும்."

"அதுக்கு அப்படியே வெட்டித் தின்னுட்டுப் போகலாமே" என்றார். நியாயமான பேச்சுதான். அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது. குளித்துவிட்டுத் தூங்கப் போகும்படி விரட்டினேன்.

போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்துகாட்டினாள். உருண்டைகளை பட்டர் பேப்பரில் அடுக்கச் சொன்னாள். எங்கள் தெருக் கடையில் அது கிடைக்கவில்லை. தட்டில் வைத்தால் அடியில் பிடித்துக்கொண்டு பெயர்ந்து வந்தது. எதுவும் ஒட்டாத பொருள் ஒன்று இருக்கும்போது எனக்கு எதற்குத் தாள் என்று, ஒரு வாழை இலையை நறுக்கித் துடைத்து மேடையில் விரித்தேன். கேக்கும் வெள்ளை, கிரீமும் வெள்ளை. உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி வரிசையாக இலையில் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உருட்ட உருட்ட உள்ளுக்குள் ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது. வீடு முழுக்க மல்லிகை வாசம் வேறு. யாரோ எனக்குப் பின்னால் நின்று, கை போகும் இடமெல்லாம் கண்ணை ஓட்டுவது மாதிரி இருந்தது. ஒருமுறை திரும்பியும் பார்த்தேன். பிள்ளை கூடத்தில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அடுத்து சாக்லேட். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். அது கெட்டியாகவே கிடந்தது, முக்கி எடுக்கிற பதத்துக்கு வரவில்லை. அப்போது போன்காரி சொன்னாள், ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினால் இளகிவிடுமாம்.

எண்ணெய் டப்பாவை எடுத்துவிட்டேன். மூடியையும் திறந்துவிட்டேன். அடுப்பு எரிகிறது, அதன் மேல் பாத்திரம், அதற்குள் பிள்ளையின் பேரைச் சொல்லி எண்ணெய். இது எண்ணெய்ச்சட்டி இல்லாமல் வேறென்ன? சாமி கும்பிடுவதில்கூட நான் அவ்வளவு கறார் கிடையாது. ஆனால் போனில் உடைந்த அந்தக் குரல் காதிலேயே நின்றது. டப்பாவை மூடி வைத்துவிட்டு, எண்ணெய்க்குப் பதிலாக ஒரு கரண்டி வெந்நீரை ஊற்றினேன்.

கண் மூடித் திறப்பதற்குள் அவ்வளவு சாக்லேட்டும் திரிந்து, பிண்ணாக்கு மாதிரி கட்டிக்கொண்டது. தண்ணீர் பட்டால் சாக்லேட் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரியாது. செத்தவள்தான் கோபத்தில் பிடித்து நிறுத்திவிட்டாள் என்று பட்டது. "இப்ப என்னடி வேணும் உனக்கு?" என்று வாய்விட்டே கேட்டேன். வந்தது வரட்டும் என்று சூடான பாலை நிறைய ஊற்றிக் கிண்டினேன். நல்லவேளை, கட்டி கரைந்து கொழகொழவென்று குழம்பு மாதிரி ஆயிற்று. கெட்டியாக உறையாது. ஒட்டினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

கிண்டிய கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினேன். டக் டக் என்று இரண்டு தட்டு, சின்ன இடைவெளி விட்டு இன்னொரு தட்டு.

எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான் கரண்டியை அப்படியே தட்டில் போடுகிறவள். அது என் தங்கை தட்டும் விதம். சின்ன வயதிலிருந்து எது கிண்டினாலும் அப்படித்தான் முடிப்பாள். "பாத்திரத்துக்குப் பாட்டா சொல்லிக் குடுக்குற?" என்று எங்கள் அம்மா திட்டுவார். என் கையை நானே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூடத்தில் பென்சில் உருளும் சத்தம் கேட்டது. பிள்ளை ஓடி வந்தாள். அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக, வாய் பாதி திறந்திருக்க, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அங்கே நான் நின்றேன். அந்தச் சிரிப்பு வடிந்ததை நான் பார்த்தேன். அதை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பிறகு அவள் கண் மேடையில் இருந்த இலைக்குப் போனது. இலை மேல் வரிசையாக வெள்ளை உருண்டைகள்.

"இது அம்மாவுக்கா?" என்றாள்.

"இல்லடி தங்கம். உனக்குத்தான். உன் பொறந்தநாளுக்கு."

"அன்னைக்கும் இப்படித்தான் இலையில வச்சோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருமாதி அன்று கண்மாய்க்கரைக்கு ஆண்கள்தான் போனார்கள். பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். ஆண்பிள்ளை இல்லையே என்று அவள் அப்பா இவளையும் கூட்டிக்கொண்டு போனார். கரையில் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. யாரும் இவளிடமும் கேட்கவில்லை. எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அப்பா என் கையப் பிடிச்சுச் சோத்த உருட்டச் சொன்னாரு. நானும் உருட்டுனேன். இலையில வச்சோம். காக்கா வரல. கருவ மரத்துலயே உக்காந்திருந்துச்சு. பிள்ளைய நெனச்சு ஒங்கம்மா மனசு ஆறாம நிக்கிறான்னு ஒரு தாத்தா சொன்னாரு. அப்பா அழுதாரு. பிள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ வந்து எடுன்னாரு. வரல. ரொம்ப நேரம் வரல. அப்புறம், உங்கக்கா பாத்துக்கும், எடுத்துக்கன்னாரு. ஒடனே வந்துருச்சு."

அவள் தன் விரல்களில் இருந்த பென்சில் கரியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க சரின்னு சொல்லியிருந்தீங்களா பெரியம்மா?"

நான் அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"சொல்லலைன்னா அது பொய்தானே? அம்மாவ ஏமாத்திச் சாப்பிட வச்சிட்டோமா?"

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நான் இல்லாத இடத்தில், செத்தவளிடம் என் பேரில் வாக்குக் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு அதையும் என்னிடம் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆஸ்டல் என்று என் வாயைக் கிளறிப் பார்க்கிறார். அந்தக் கோபம் தீர்வதற்குள்ளேயே உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர் சொன்னபோது வரவில்லை. என் பேரைச் சொன்னதும் வந்திருக்கிறாள். என்னை நம்பி வந்திருக்கிறாள். நானோ "பாப்போம், பாப்போம்" என்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளை, அம்மாவை ஏமாற்றியதற்குத் தன் கையும் உடந்தை என்று நினைத்துக்கொண்டு, உருண்டையைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அதற்குப் போய் ராங்கி என்று பேர் வைத்தேன்.

மழுப்பியிருக்கலாம். "அதெல்லாம் சொன்னேன், போ" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்தபோது அது முடியவில்லை.

"என்னை யாரும் கேக்கல பாப்பா" என்றேன். "இப்பத்தான் நீ கேக்குற."

அவள் எழுந்து அந்தக் குச்சிக் கட்டைப் பிரித்தாள். ஒரு குச்சியை எடுத்து இலையில் இருந்த முதல் உருண்டையில் குத்தினாள். என் சாக்லேட் குழம்பில் முக்கினாள். கலர் மிட்டாயை மேலே தூவினாள். அது கோணலாக நின்று சொட்டியது. அதைத் தூக்கிப் பிடித்தபடி கொல்லைப்பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். காம்பவுண்டுச் சுவர் மேல் அதைப் படுக்க வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்க. அப்பா சொன்னா செல்லாது."

பக்கத்து வீட்டு மாடியில் ஒரு காக்கை இருந்தது. நல்ல வெயில் நேரம், தெருவில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு சனம் நின்றது. இப்படிப் பட்டப்பகலில் சுவரைப் பார்த்து என்ன பேசுவது? தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்ததே தவிர அசையவில்லை.

"மெதுவாச் சொன்னீங்க" என்றாள் அவள்.

அவள் சொன்னது சரிதான். மெதுவாகத்தான் சொன்னேன். பின்னாடி வேண்டுமென்றால் இல்லை என்று ஆக்கிக்கொள்ளும்படி சொன்னேன். எத்தனையோ வருடம் அப்படிப் பேசிப் பழகிய வாய். இந்தத் தடவை சொன்னால் திரும்ப எடுக்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ரெட்டைச் சடையும் பேன் சீப்பும் டிபன் பாக்ஸும் இன்னொரு பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு என் தலையில்தான். அவள் பெரிய மனுஷி ஆவது, அவள் படிப்பு, அவள் கல்யாணம், எல்லாம்.

"அடியே!" என்று கத்தினேன். குடத்தோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒன் பிள்ளை எங்கிட்டத்தான் இருப்பா. எங்கயும் விடமாட்டேன். நான் உசுரோட இருக்கிற மட்டும் எம்பிள்ளை அவ. கேட்டுக்கிட்டியா? வந்து எடு!"

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் காக்கை மாடியிலிருந்து நேராக இறங்கியது. சுவரில் ஒரு எட்டு வைத்தது. உருண்டையைக் கொத்திப் பார்க்கவெல்லாம் இல்லை. குச்சியை வாயில் கவ்வி அப்படியே முழுசாகத் தூக்கிக்கொண்டு பறந்தது. உச்சியில் கலர் மிட்டாய் மினுங்க, வீடுகளுக்கு மேலாக மேற்கே போனது. உசிலம்பட்டி அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய், எனக்காகக் காத்திருக்காமல், பிரிட்ஜைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். உறையாத சாக்லேட் எல்லோருடைய முழங்கை வரைக்கும் வழிந்தது. பாதி உருண்டைகள் குச்சியை விட்டு நழுவித் தட்டில் விழுந்தன. யாரும் குறை சொல்லவில்லை. அவள் ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கடித்தாள். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். தங்கை செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் அவள் அப்பா வந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த முடிவு விசயமா மதினி" என்று ஆரம்பித்தார். "அதான் கரையிலயே முடிவு பண்ணிட்டீங்களே தம்பி" என்றேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. பீரோவில் நான் காலி செய்து கொடுத்த தட்டில் அவளுடைய துணிகள் இருந்தன. காலிப் பையை அவரிடமே கொடுத்து அனுப்பினேன்.

மனசு லேசாகியிருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் நினைப்பார்கள். அப்படி ஆகவில்லை. நான் கத்தியதை என் தங்கை கேட்டுக்கொண்டாள் என்று நான் நம்புகிறேன். கேட்டுக்கொண்டவள் போய்விட்டாளா, இல்லை சொன்னபடி செய்கிறேனா என்று இங்கேயே நின்று பார்க்கிறாளா என்பதுதான் தெரியவில்லை. பிள்ளைக்கு ஒருநாள் சடை கோணலாகப் போனாலும், பரீட்சை நேரத்தில் நான் அதட்டிவிட்டாலும், முதுகில் ஒரு பார்வை விழுகிறது. எது கிண்டினாலும் என் கை இப்போது தானாகவே கரண்டியை விளிம்பில் தட்டுகிறது. டக் டக், சின்ன இடைவெளி, பிறகு டக். பிள்ளை பழகிவிட்டாள், அவள் ஓடி வருவதில்லை. நான்தான் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.